மூன்று தடவை இழுத்த மணி

பசுந்தாங், ரங்கூன்
19-11-2006

அன்பு மகன் ரெங்கசாமிக்கும், மருமகள் நித்யாவுக்கும், பேரப்பிள்ளைகளுக்கும் அம்மா பவுனம்மாள் எழுதுவது. காளியம்மன் புண்ணியத்தில் இங்கே நாங்கள் மூன்று பெண்களும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம், அங்கே சிங்கப்பூரில் நீங்கள் நாலு பேரும் அப்படியே இருக்கிறீர்கள் என்று உன் குரலில் கேட்டால்தான் எனக்குச் சோறு இறங்கும். பபேடான் ஜவுளிக்கடை பொன்னுத்துரை சரக்கு எடுக்க அங்கே வருகிறார், அவர் கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன். தபாலில் போடக் கூடாத விஷயம் இதில் இருக்கிறது. ரேவதியை எழுதச் சொல்லவில்லை, ஹேமாவுக்குத் தமிழ் எழுத வராது. ஐந்தாம் வகுப்போடு நின்றவள்தான் நான், ஆனாலும் என் எழுத்து இன்றைக்கும் கோணாமல் நிற்கிறது, பார்த்துக்கொள்.

ஹேமா பத்தாவதில் மூன்று பாடத்தில் முதல் தரம் வாங்கியதை போனில் சொன்னேன், மறுபடியும் சொல்ல எனக்குச் சலிப்பில்லை. இந்தக் கட்டடத்தில் தமிழ்ப் பிள்ளை பர்மியப் பிள்ளை யாரும் வாங்காதது. கோயிலில் அர்ச்சனைக்குக் கொடுத்தபோது சுரேந்திரன் மகள் ஹேமா என்று நாலு பேர் திரும்பிப் பார்க்கும்படி சொன்னேன். தகப்பன் முகம் பார்க்காத பிள்ளை, உன் தம்பி மூக்கு அப்படியே. இப்போது சாயங்காலம் கம்ப்யூட்டர் வகுப்புக்குப் போகிறாள், தினமும் தனாக்காப் பட்டை அரைத்துப் பூசிக்கொண்டு போகிறாள், கன்னத்தில் மட்டும் பூசு நெற்றி முழுக்கப் பூசாதே என்றால் கேட்பதில்லை. அவள் அம்மா ரேவதி அதே தையல் கடையில்தான் இருக்கிறாள், கண் கொஞ்சம் மங்குகிறது என்கிறாள், நீ வரும்போது ஒரு நல்ல கண்ணாடிக்கு வழி செய். என் முழங்கால் இந்த மழையோடு போய்விட்டது, நாலு மாடி இறங்கி ஏற முடியவில்லை, வராந்தாவும் டிவியும்தான் எனக்கு ஊர்.

டிவி பற்றித்தான் எழுத வந்தேன், சிரிக்காதே. நீ வாங்கிக் கொடுத்த டிஷ்ஷில் ஏழு மணிக்கு ஒரு தமிழ்த் தொடர் வருகிறது. அதைப் பார்க்கப் பக்கத்து வீட்டு நூருன்னிசா வருவாள், கீழ் வீட்டுப் பர்மாக்காரி டோ மியாவும் வருவாள். டோ மியாவுக்கு ஒரு வார்த்தை தமிழ் தெரியாது, ஆனால் கதையில் யார் கெட்டவள் என்று நமக்கு முன்னால் கண்டுபிடித்துவிடுவாள். போன திங்கட்கிழமை என்ன காட்டினார்கள் தெரியுமா, லாரி ஓட்டப் போன மகன் பத்து வருஷமாக வரவில்லை என்று மாமியார்க்காரி ஐயரைக் கூப்பிட்டுத் தர்ப்பைப் புல்லில் ஓர் ஆள் மாதிரி செய்து, அவன் அண்ணனை விட்டுக் கொள்ளி வைக்கச் சொல்கிறாள், மருமகளைத் தாலியைக் கழற்றச் சொல்கிறாள். நூருன்னிசா முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, "அந்த மாமியா மூஞ்சியப் பாருங்கக்கா, ஒரு சொட்டு தண்ணி வருதா, கிளிசரின் கூட வேண்டாம்னுட்டா போல" என்றாள். நானும் விடவில்லை, பெத்த பிள்ளைக்குப் புல்லுப் பொம்மை கட்டுகிறவள் தாயா பேயா என்று தெருவுக்கே கேட்கும்படி கத்தினேன். கத்திய பிறகுதான் பார்த்தேன், எல்லாரும் ரேவதியின் கழுத்தைப் பார்க்கிறார்கள். அவள் மடியில் இருந்த ஜாக்கெட்டுக்கு ஊக்கு தைத்துக்கொண்டே இருந்தாள்.

அண்ணன் கையில் நெருப்பை எடுக்கிறான், அந்த நேரம் கரண்ட் போனது. நம் பக்கத்துக்கு அன்றைக்குக் கரண்ட் நிறுத்துகிற முறை இல்லை, ஆனாலும் போனது. நூருன்னிசா, அடப்பாவிகளா என்று தலையில் அடித்துக்கொள்கிறாள், டோ மியா தீப்பெட்டி தேடுகிறாள், அப்போது மணி அடித்தது. ஒன்று, இரண்டு, மூன்று.

நம் வராந்தாவிலிருந்து தெருவரைக்கும் தொங்கும் மணிக்கயிறு உனக்கு மறந்திருக்காது. கீழே நின்று இழுத்தால் மேலே மணி அடிக்கும், நாம் கீழ்க் கதவுச் சாவியைக் கயிற்றுக் கிளிப்பில் மாட்டி இறக்குவோம், இறங்கி ஏறுகிற வேலை மிச்சம். ரேவதி இரண்டு தடவை இழுப்பாள், ஹேமா ஒரு தடவை. மூன்று தடவை இழுப்பது உன் தம்பி ஒருத்தன்தான். வேறு யாரும் மூன்று தடவை இழுக்கக் கூடாது என்று பால்காரன்வரை சொல்லி வைத்திருக்கிறேன், பதினெட்டு வருஷமாக யாரும் இழுக்கவில்லை. பக்கத்தில் இருந்த ரேவதியின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டேன். காற்று, காற்றுதான் என்று சொன்னேனாம், எனக்கு நினைவில்லை. மறுபடியும் மூன்று. பிறகு சத்தமில்லை. எவ்வளவு நேரம் அப்படி இருந்தேனோ, ரேவதி என் கையை உதறிவிட்டு எழுந்தாள். இத்தனை வருஷத்தில் அவள் என் கையை உதறியதில்லை. வராந்தாவுக்குப் போய்ச் சாவியை இறக்கிவிட்டு வந்து, இருட்டில் என் முன்னால் நின்று மெதுவாகத்தான் சொன்னாள், "அன்னிக்கும் இப்படித்தான் அத்தை என் கையப் பிடிச்சீங்க. அன்னிக்கு நான் உதறல."

உனக்குச் சொல்லாமல் வைத்திருந்தது இதுதான். எண்பத்தெட்டில், நீ கப்பல் வேலைக்குப் போய் மூன்று வருஷம் ஆகியிருந்தபோது, சுரேந்திரன் காலையில் வெளியே போனான், திரும்பி வரவில்லை என்று உனக்கு எழுதினேன். அது முழுக்க நிஜமில்லை. ஊரெல்லாம் அரசாங்கத்தை எதிர்த்துக் கூட்டமாகப் போன நாட்கள், அவனும் போவான். வேண்டாம் என்றேன், அவன் செருப்பை மாட்டும்போது, இன்றைக்குப் போனால் சாவி இறங்காது என்றேன். அவன் சிரித்தான், "இறங்காட்டி கயித்தப் பிடிச்சு ஏறி வருவேன்மா" என்றான். ஊரடங்கு நேரத்துக்குக் கொஞ்சம் முன்னால், வெளிச்சம் போகிற பொழுதில், தெருமுனையில் துப்பாக்கிச் சத்தம் கேட்டது, எல்லா வீட்டிலும் விளக்கை அணைத்துவிட்டார்கள். அப்போது மணி மூன்று தடவை அடித்தது. ரேவதி ஐந்து மாசம், பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். எழுந்திருக்கப் போனவளைக் கையைப் பிடித்து இருத்தினேன். அவன் இல்லை, யாரோ, காற்று என்றேன். இன்னொரு முறை மூன்று. அப்புறம் ஓடுகிற சத்தம், அவ்வளவுதான். பயத்தில் இறக்கவில்லையா, காலையில் சொன்ன சொல்லைப் பிடித்துக்கொண்டு இறக்கவில்லையா என்று இன்றைக்கும் என்னையே கேட்கிறேன். விடிந்ததும் கீழே போய்ப் பார்த்தேன், ஒன்றும் இல்லை, கயிறு மட்டும் முறுக்கிக்கொண்டு கிடந்தது. ரேவதி இதைப் பற்றி ஒரு நாளும் கேட்கவில்லை, அதனால் அவளுக்குத் தெரியாது என்று நானே நினைத்துக்கொண்டேன். மழையில் கயிறு மக்கும்போதெல்லாம் புதிதாகக் கட்டினேன். ஆறு வருஷம் முன்னால் பன்னிரண்டு வருஷம் ஆகிவிட்டது, காரியம் செய்துவிடலாம் அம்மா என்று நீ போனில் சொன்னபோது, உயிரோடு இருக்கிற தம்பிக்குக் கொள்ளி வைக்க ஆசையா என்று கேட்டேனே, அன்றிலிருந்து நீ இந்த வீட்டுக்கு வரவில்லை. நீ செய்தது தப்பில்லை. என் வாய்தான்.

போன திங்கட்கிழமை கயிற்றை இழுத்தவள் ஹேமா. வகுப்பு முடிந்து வருகிறாள், தெருவே இருட்டு, பயந்துபோய் வேகவேகமாக இழுத்திருக்கிறாள். மேலே வந்ததும் என் மேல் விழுந்து அழுது, பர்மியில், "எவ்வளவு இழுத்தேன், ஏன் சாவி வரல, வீட்ல இருந்துக்கிட்டே ஏன் இறக்கல" என்று கேட்டாள். தகப்பன் கேட்க வேண்டியதை மகள் கேட்டுவிட்டாள். நூருன்னிசா தொடரை மறந்து சொல்லாமல் எழுந்து போனாள்.

மறுநாள் காலையில் பொன்னுத்துரை வந்தார், அவர் வீட்டில் பாட்டரி இருக்கிறது, கடைசிவரை பார்த்திருக்கிறார். "பொம்மை எரியுது பவுனக்கா, கேட்டுக்கு வெளிய ரெண்டு கால மட்டும் காட்டி நிறுத்திட்டான், செருப்பில்லாத கால்" என்றார். நூருன்னிசா, "பாத்தீங்களா, உசுரோட இருக்கிறவன எரிச்சுட்டாளுவ, நல்லாருப்பாளுவளா" என்று குதித்தாள். பொன்னுத்துரை, பன்னிரண்டு வருஷம் பார்த்திருக்க வேண்டும், பத்திலேயே செய்தது கதை எழுதினவன் தப்பு என்றார். இரண்டு பேரும் அரைமணி நேரம் மல்லுக்கு நின்றார்கள். டோ மியா ஹேமாவைக் கேட்டு எல்லாவற்றையும் பர்மியில் தெரிந்துகொண்டு, கடைசியில், அந்தக் கால் உயிரோடு இருப்பவன் கால் இல்லை என்றாள். செத்தவனுக்கு ஏழாம் நாள் சோறு வைத்து, நீ போய்விட்டாய், இனி உன் வழியில் போ என்று வீட்டார் வாயால் சொல்ல வேண்டுமாம். சொல்லாவிட்டால் தான் செத்தது அவனுக்கே தெரியாதாம், வீட்டு வாசலில்தான் நிற்பானாம், கதவு ஏன் திறக்கவில்லை என்று நினைத்துக்கொண்டு. அவள் தொடரைப் பற்றித்தான் சொன்னாள், பாவம். என்னால் வராந்தாப் பக்கம் திரும்ப முடியவில்லை.

அவர்கள் போன பிறகு, நீ என்ன நினைக்கிறாய் அந்தக் கதையைப் பற்றி என்று ரேவதியைக் கேட்டேன். இத்தனை நாளில் அவளிடம் நான் அபிப்பிராயம் கேட்டதே இல்லை. ஊசியை ஜாக்கெட்டில் குத்தி வைத்துவிட்டு, "எனக்குத் தாலியக் கழட்டணும்னு அவசரம் இல்ல அத்தை. கீழ நிக்கிறவர ஒண்ணு மேல கூப்பிடணும், இல்ல போகச் சொல்லணும். ரெண்டுல ஒண்ணு செய்யுங்க" என்றாள். அந்தக் கால்கள் யாருடையவை என்று செவ்வாய்க்கிழமை காட்டினார்களாம். நான் பார்க்கவில்லை, கேட்கவும் இல்லை.

கூப்பிடுகிற நேரம் போய்விட்டது ரெங்கசாமி. ஆகையால் தை அமாவாசைக்கு முன் நீ வா. உன் அப்பாவும் இல்லாத வீட்டில் அண்ணன் நீதான் செய்ய வேண்டும். பசுந்தாங் ஓடைக் கரையில் செய்யலாம், ஐயரிடம் பேசிவிட்டேன், புல்லும் வந்துவிடும். டோ மியா ஏழு துறவிகளுக்குச் சோறு போடுகிறேன் என்கிறாள், அதையும் செய்யட்டும், அவனுக்கு எந்தப் பாஷையில் சொன்னாலும் புரியும். தாலி ரேவதியின் கழுத்தில் இருக்கிறது, வைத்துக்கொள்வதும் எடுப்பதும் அவள் இஷ்டம், நானும் கேட்க மாட்டேன், ஒருத்தரைக் கேட்கவும் விட மாட்டேன். ஹேமாவுக்கு எல்லாம் சொல்லிவிட்டேன், திட்டவில்லை, கொஞ்ச நேரம் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

காரியம் செய்கிற அன்று காலையில், நீங்கள் ஓடைக்குக் கிளம்பும் முன்னால், நான் ஒரு தடவை சாவியைக் கீழே இறக்குவேன். கொஞ்ச நேரம் அப்படியே விட்டிருப்பேன். பிறகு நானே மேலே ஏற்றிக்கொள்வேன். அந்த நேரத்தில் கீழ் வாசலில் யாரும் நிற்க வேண்டாம்.

குளிர் இருக்கும், பிள்ளைகளுக்கு ஸ்வெட்டர் எடுத்து வா. நித்யாவிடம் என் மேல் வருத்தம் வைக்க வேண்டாம் என்று சொல். நீங்கள் எல்லாரும் நோய் நொடியில்லாமல், கூப்பிட்ட குரலுக்கு ஆள் இருக்கும் வீட்டில் நூறு வயது இருக்க வேண்டும். மறந்துவிடாதே, விமான நிலையத்திலிருந்து வந்து இறங்கியதும் கயிற்றை இரண்டு தடவை மட்டும் இழு. எத்தனை மணியானாலும் நான் விழித்திருந்து என் கையாலேயே இறக்குகிறேன்.

உன் அம்மா
பவுனம்மாள்