ராசா ரொட்டியும் மூன்றாம் வகுப்பும்

3 ஜனவரி 2012, செவ்வாய்
மழை. குடை முறிந்தது, விடுமுறை முடிந்தது. இரண்டும் ஒரே நாளில்.

சரித்திர மடாம் வந்ததும் வராததுமாக எக்ஸ்போசே தந்தார். பிரெஞ்சுப் புரட்சி, அதன் சமூக, பொருளாதாரக் காரணங்கள். வெள்ளிக்கிழமை வகுப்பின் முன் நின்று விளக்க வேண்டும். சோடி: நானும் அன்ரனும். ஆறு வயதிலிருந்து தண்டனைக்கும் இதே சோடிதான்.

திரும்பி வரும்போது, ரூ பஜோல் தெருவில் கோயில் வாசலைத் தாண்டியதும், அன்ரன் சொன்னான்.

"மச்சான், சனிக்கிழமை லண்டனுக்குப் போறம். ஒரேயடியா. வகுப்பிலை ஒருத்தருக்கும் சொல்லாதை. நீயும் பகிடி விடாதை."

விடவில்லை. எதற்கும் வேடிக்கை சொல்கிறவன், வீடு வந்தும் ஒன்று கூட விடவில்லை. அம்மா நெற்றியைத் தொட்டுப் பார்த்தார், காய்ச்சலோ என்று.

4, புதன்
அரை நாள் பள்ளி. பிறகு அன்ரன் வீடு. எங்கும் பெட்டி. பெட்டி மேல் இருந்து எழுதியவை:

– கோதுமை விளையவில்லை. பாண் விலை ஏறியது. கூலிக்காரனின் உழைப்பு பாணோடு சரி.
– குருமார், பிரபுக்கள்: காணி நிறைய. வரி இல்லாத மாதிரி.
– மிச்ச எல்லாரும் மூன்றாம் வகுப்பு. வரி முழுக்க இவர்கள் தலையில். உப்புக்கும்.
– வியாபாரி, வக்கீல்: காசு உண்டு, படிப்பு உண்டு, மரியாதை இல்லை.
– ராசா: முடி தங்கம், கஜானா ஓட்டை.

இரவு அம்மாவுக்கு உப்பு வரியைச் சொன்னேன். "உப்புக்குமோ? பிறகென்ன, வெட்டத்தானே செய்வினம்" என்றார். மடாமை விடச் சுருக்கம்.

ஆழமான காரணம் வேறு, உடனடிக் காரணம் வேறு என்று மடாம் சொல்வார். அன்ரன் போவதற்கு: ஆழமானது, ஒரே அறையில் ஐந்து பேர். உடனடி, லண்டன் சித்தப்பாவின் கடையில் அவன் அப்பாவுக்கு வேலை. எந்த ராசாவிலும் பிழையில்லை. அப்போ யாரைத் திட்டுவது?

5, வியாழன்
குளிர். விரல் விறைக்கிறது.

எங்கள் ஆறு வயது ஜனவரி நினைவுக்கு வந்தது. பிரெஞ்சுக்காரர் ஜனவரியில் கலெத் என்றொரு தட்டைக் கேக் வெட்டுவார்கள். உள்ளே ஒளித்த சின்னப் பொம்மை யார் துண்டில் வருகிறதோ, அவர் அன்றைக்கு ராசா. அன்ரன் ஆட்கள் வேதக்காரர், சேர்ச்சுக்குப் போகிறவர்கள், அவர்களும் வெட்டினார்கள். எனக்குத் திருவெம்பாவை விரதம், கலெத்தில் முட்டை. பார்த்துக்கொண்டே நின்றேன். அன்ரி, அன்ரனின் அம்மா, குசினிக்குள் போனார். தேங்காய்ப்பூ ரொட்டியோடு வந்தார், உள்ளே ஒரு கடலை. அன்றிலிருந்து அந்த வீட்டில் ஒவ்வொரு ஜனவரியும் ராசா ரொட்டிதான்.

ஒரு வருடம் கடலையை விழுங்கிவிட்டு முடி கேட்டேன். அத்தாட்சி நாளைக்குக் காலமை வரும், அதுவரை நாடு குடியரசு என்றான் அன்ரன்.

யோசனை: இந்த ரொட்டியையே வகுப்புக்குக் கொண்டுபோனால்?

அன்ரன் அம்மாவிடம் கேட்டான். "கட்டின பெட்டியை அவிழ்க்க வைக்கிறியள்" என்றார் அன்ரி. அவிழ்த்தார். தேங்காய் துருவினார்.

6, வெள்ளி
வெயில், பொய் வெயில்.

அன்ரன் ராசா, தலையில் தங்கக் கடதாசி முடி. முன் வரிசை வாங்கில் ஒரு குரு, இரண்டு பிரபு. ஆளுக்கொரு முழு ரொட்டி. மிச்ச வகுப்பு முழுவதற்கும் ஒன்றே ஒன்று. நான் வரி அதிகாரி. அந்த ஒன்றிலும் கிள்ளிக் கிள்ளி ராசாவின் தட்டில் போட்டேன். முதலில் சிரித்தார்கள். தேங்காய் வாசனை பின் வாங்கு வரை போனதும் சிரிப்பு நின்றது. பின் வாங்கு மூசா எழும்பினான். தின்பது அவர்கள், கொடுப்பது நாங்களா என்று கேட்டான். விளையாட்டுக்குக் கேட்கவில்லை.

பசி புதிதல்ல, அது நியாயமில்லை என்று எல்லாரும் சேர்ந்து நினைத்ததுதான் புதிது என்றார் மடாம். அவர் முடிப்பதற்குள் மூன்றாம் வகுப்பு மேசைக்கு வந்துவிட்டது. தட்டு காலி. கடலை மூசாவின் வாயில். அன்ரன் முடியைக் கழற்றி அவன் தலையில் வைத்தான். இனி வரி தன்னிடமா வரும் என்று மூசா கேட்டான். எங்களுக்கு மடாம் நல்ல புள்ளி போட்டார்.

அடுத்த பாடம், ராசா தப்பி ஓடிய கதை. எல்லைக்குக் கிட்டப் போனவரைப் பிடித்துக்கொண்டு வந்தார்களாம். அன்ரன் என் பக்கம் குனிந்தான்.

"என்னை ஒருத்தரும் பிடிக்கமாட்டினம் மச்சான்."

7, சனி
கார் து நோர் ரயில் நிலையம். முகில். ஐந்து பேர், எண்ண முடியாத பைகள். அன்ரி என் கன்னத்தைப் பிடித்து, சாப்பிடு என்றார்.

லண்டன் ரயிலுக்கு மேல்மாடியில் பாஸ்போர்ட் பார்க்கிறார்கள். வரிசை நகர்ந்தது. அன்ரன் மட்டும் திரும்பி வந்தான்.

"ஏதாவது பகிடி சொல்லனடா. போகப் போறன்."

வாயைத் திறந்தேன். "கவனமாப் போ" என்று மட்டும் வந்தது. எங்கள் அப்பா மாதிரி. "ஓம்" என்றான், அவனும் அவன் அப்பா மாதிரி. போய்விட்டான்.

படியில் பாதி இறங்கியபோதுதான் பகிடி ஒன்று வந்தது. இவ்வளவு வருடத்தில் என் ஆகச் சிறந்தது. நடுப்படியில் நின்று தனியே சிரித்தேன். ஒரு கிழவர் விலகிப் போனார்.

இங்கே எழுதமாட்டேன். முதலில் அவனுக்கு.