ஷோகேஸில் சேத்தூர் மழை

11.10.1989
மடவார் வளாகத்தில் சடங்கு வீடு. பெண்பிள்ளையைப் படம் எடுக்க என்னைத்தான் கூப்பிடுவார்கள். ஸ்டூடியோ முதலாளியான என் வீட்டுக்காரர் பொன்னுராஜ் வாசலோடு சரி. பிலிம் ரோலில் நாலு படம் மிச்சம். ராஜபாளையம் திரும்பும்போது மலைப்பக்கம் கன்னங்கரேலென்று கிடந்தது. "சேத்தூருக்கு விடுங்க, மழையை எடுத்துட்டு வருவோம்" என்றேன்.

"ஏட்டி, கோட்டி பிடிச்சிருக்கா? கேமரா நனைஞ்சா?"

வண்டி நேரே வீட்டுக்கு வந்தது. குழம்பில் உப்பு போடவில்லை. வேண்டுமென்றேதான்.

16.10.1989
பஸ் ஏறி நானே போய்விட்டேன்! பாலித்தீன் பையில் ஓட்டை போட்டுக் கேமராவுக்குச் சட்டை. சேத்தூர் வயலில் பாதி வெயில், மலைமேல் இருட்டு. காற்று தென்னைகளை ஒரே பக்கமாக வளைத்தது. ஒரு மின்னல் — விரல் தானாக அழுத்திவிட்டது. விழுந்ததா? ஆண்டவரே, படத்தில் விழுந்ததா?

"என்னம்மா, கெணத்துல விழுந்துட்டியளா?" என்றார், சொட்டச் சொட்ட பஸ் ஏறிய என்னைப் பார்த்த கண்டக்டர். ஆமாம், ஆசைப்பட்டு விழுந்தேன் என்றேன்.

21.10.1989
மதுரையில் கழுவக் கொடுத்த பிலிம் வந்துவிட்டது. விழுந்திருக்கிறது! மின்னல் மலையில் இறங்கி நிற்கிறது. பெரிசு பண்ணி ஷோகேஸில் வைப்போம் என்றேன். கல்யாண ஜோடியும் மொட்டைக் குழந்தையும் தவிர வேறெதையும் பார்க்காத ஷோகேஸ் அது.

"மழையைப் பாத்துட்டு எவன் உள்ள வருவான்? ஆளு இல்லாத படமெல்லாம் ஒரு படமா?"

எடுத்தவள் ஆள் இல்லையா?

22.10.1989
இன்றைக்கும் குழம்பில் உப்பு இல்லை.

26.10.1989
அவர் இல்லாத நேரம் பார்த்து, மொட்டைக் குழந்தையை எடுத்துவிட்டு என் மழையை வைத்தேன். வந்தவர் பார்த்துவிட்டு வாயைத் திறப்பதற்குள் ஒரு புதுஜோடி உள்ளே நுழைந்தது. வழக்கம்போல் ஜோடிக்குப் பின்னால் தொங்கவிடும் தாஜ்மகால் திரையை இறக்கினார். அந்தப் பெண் சண்முகத்தாய், சேத்தூர்க்காரி, ஷோகேஸைக் காட்டினாள்.

"எங்கூரு மலை இருக்கையில தாஜ்மகால் எதுக்கு? அதுக்கு முன்னால நிக்க வச்சு எடுங்க."

அவர் தலையைச் சொறிந்தார். எனக்குத் தலைகால் புரியவில்லை. "திரை எழுதுற பாயிட்ட சொல்லி அதை ஒரு திரையா எழுதச் சொல்லுவமா?" என்றார். என்னிடம் கேட்கிறார்!

4.11.1989
திரை எழுதும் பிச்சை முகம்மது பாய் கொண்டுவந்து விரித்தார். மலை, மின்னல், வளைந்த தென்னை, எல்லாம் அச்சு அசல். கீழே இரண்டு அன்னம்.

"பாய், இந்தப் புயல்ல அன்னம் எங்கேர்ந்து வந்துச்சு?"

"அன்னம் இல்லாம ஒரு சீனரியா? கை பழகிப்போச்சும்மா, அதுவா போட்டுருச்சு."

சிரித்துச் சிரித்து வயிறு வலிக்கிறது. வீட்டுக்காரரும் சிரித்தார். அன்னம் இருந்துவிட்டுப் போகட்டும்.

12.11.1989
தலை சீவி, பவுடர் அப்பி, புயலுக்கு முன்னால் நிற்க அம்புட்டுக் கூட்டம். கடைசி ஆளை அனுப்பிவிட்டு உள்ளே ரோல் மாற்றிக்கொண்டிருந்தேன். வாசலில் வண்டியை உதைக்கும் சத்தம்.

"ஏட்டி, மலை கருத்துட்டு! வா, வா!"

சேத்தூர் வரப்பில் குடையைக் கேமராவுக்குப் பிடித்தார். நாங்கள் இரண்டு பேரும் தொப்பலாக நனைந்தோம். எம்புட்டுச் சந்தோஷம்! எடுத்துத் தள்ளியதில் ஒரே ஒரு படம் மிச்சம்.

"அந்தா அங்க போய் நில்லுங்க. ஆளு இல்லாட்டா படமே இல்லேன்னு சொன்னீகளே?"

கொட்டும் மழையில் போய் நின்றார். நின்று, சட்டைப்பையிலிருந்து சீப்பை எடுத்தார்.