படங்கை மடித்துப் பந்து பிடித்தவளுக்கு

உன் படங்கு என் வீட்டுக் கொடியில் காய்கிறது. காலையில் கதவைத் திறந்ததும் அந்த வாசனைதான் முதலில் வந்தது. தேயிலைக் கொழுந்துக் கறையும் நனைந்த சாக்கும் கலந்த வாசனை. கொழுந்து மலைக்குப் போகும்போது இடுப்பில் சுற்றிக்கொண்டு போவாயே, அதே சாக்குப் படங்கு. நடுவில் ஓரிடம் மட்டும் தேய்ந்து மெலிந்து, வெளிச்சத்தில் பிடித்தால் பின்னால் இருக்கும் குன்று தெரிகிறது. அது செடி கிழித்த இடம் இல்லை என்பது உனக்கும் எனக்கும் தெரியும். நேற்று அது ஏன் நனைந்தது என்று கடைசியில் சொல்கிறேன்.

மஸ்கெலியாவில் நான் படிப்பித்த பாடசாலைக்கு விளையாட்டு ஆசிரியர் ஒருவர் புதிதாக வந்து, பையில் இருந்து ஒரு பந்தையும் ஒரே ஒரு கையுறையையும் எடுத்து வைத்தது உனக்கு நினைவிருக்கும். பேஸ்போல் என்றார். பிள்ளைகள் எல்லோரும் கிரிக்கெட்டுக்கு ஓடிவிட்டார்கள். உன் மகன் தினேஷ் மட்டும் நின்றான். அன்று மாலை நீ என்னிடம் வந்து கேட்டாய்.

"டீச்சரக்கா, இது என்னா வெளயாட்டு? அடிச்சிட்டு ஓடுறானுங்க, சுத்திட்டுப் பொறப்பட்ட எடத்துக்கே வந்து நிக்கிறானுங்க. காலயில வேல கேட்டுப் பெரட்டுக்குப் போயி, இல்லன்னு திரும்பி வந்த மாதிரி."

எனக்கும் அதிகம் தெரியாது. தெரிந்ததை உதாரணத்தோடு சொன்னேன். கிரிக்கெட்டில் பந்து தரையில் குத்தி வரும், இதில் குத்தக்கூடாது. மேல் வீட்டில் இருந்து கீழ் வீட்டுக்கு எலுமிச்சங்காய் போடுகிறோமே, கீழே விழாமல் நேரே கைக்குப் போகவேண்டும், அதுபோல. எறிகிறவனுக்கு எதிரே ஒருவர் குந்திப் பிடிக்கவேண்டும், அவர் இல்லாமல் எறிகிறவன் இல்லை என்றேன். நீ அந்தக் கடைசி வார்த்தையை மட்டும் எடுத்துக்கொண்டு போனாய்.

அந்தக் கடினமான பந்துக்கு எதிரே நிற்க லயத்து வரிசை வீடுகளில் ஒரு பையனும் வரவில்லை. கையுறை பாடசாலையோடு சரி, பந்தை மட்டும்தான் வீட்டுக்குக் கொடுப்பார்கள். மலையில் இருந்து இறங்கி, கொழுந்து நிறுத்துவிட்டு வந்த நீ, இடுப்புப் படங்கை அவிழ்த்து மடித்து இடது கையில் சுற்றிக்கொண்டு மலைக்குப் போகிறவர்கள் குழந்தைகளை விட்டுப் போகும் பிள்ளைக் காம்பரா வாசலில் போய்க் குந்தினாய். பக்கத்து வீட்டுக்காரி, "என்னா, பெத்த ஆத்தாவயே கல்லால எறியிறானா?" என்று சிரித்தாள். அந்த வழியாக வந்த கங்காணி நின்று பார்த்தார். நீ எழும்பவே இல்லை. "பந்து புடிச்சதுக்கும் அரப்பேரு போடுங்க கங்காணி" என்றாய். அரை நாள் கூலி கேட்டதற்கு அவர் சிரிப்பை அடக்கிக்கொண்டு போனார்.

நாலு மணிக்குப் பிறகு நீர்த்தேக்கப் பக்கம் இருந்து பனிமூட்டம் ஏறி வரும். சற்று நேரத்தில் எதிரே நிற்கும் ஆள் தெரியாது. வேறு யாராக இருந்தாலும் அத்தோடு நிறுத்தியிருப்பார்கள். உங்களுக்கு அது பழக்கம். மலையில் மூட்டம் இறங்கினால் ஒவ்வொரு நிரையில் இருப்பவளும் குரல் கொடுத்துக்கொண்டேதான் கொழுந்து எடுப்பாள். குரலை வைத்துத்தான் யார் எங்கே என்று தெரியும். நீ அதையே செய்தாய். "இந்தா, இங்கே..." என்று இழுத்துக் கூப்பிடுவாய். வெள்ளைக்குள் இருந்து பந்து வரும். படங்கில் 'பொத்' என்று சத்தம் கேட்கும். என் வீட்டில் இருந்து எனக்கு அந்த இரண்டு சத்தமும்தான் கேட்கும், உங்கள் இருவரையும் காணமுடியாது.

அப்படி வளர்ந்த பிள்ளை வலயப் போட்டியில் எறிந்தான், மாகாணத்தில் எறிந்தான். கொழும்பில் மூன்றாம் பிரிவில் ஆடும் கழகம் ஒன்று அவனைக் கேட்டு வாங்கியது. நீ ஹட்டன் ஸ்டேஷனில் அழாமல் நின்றாய். முதல் ஆட்டத்திலேயே அவன் எறிந்த பந்துகள் எங்கெங்கோ போயின. அன்றைக்கு உனக்குப் போன் எடுத்து அவன் சொன்ன காரணத்தை, நீ சிரித்துச் சிரித்துக் கண்ணில் நீர் வர என்னிடம் சொன்னாய். "அம்மா, எதிர குந்தியிருக்கவன் பேசவே மாட்டேங்கிறான். விரல மட்டும் காட்டுறான்."

ஊரே பார்க்கும் வெயிலில், கண்ணுக்கு நேரே ஆள் இருக்கும்போது, குரல் இல்லாததால் தடுமாறியவன் இந்த நாட்டில் உன் மகன் ஒருவனாகத்தான் இருப்பான்.

"வாயத் தொறந்து கேளேன்டா, சத்தம் குடுன்னு. சிங்களந்தான் தெரியுமே" என்றாய். அவன் கேட்கவில்லை. தோட்டத்துப் பையன் என்று சிரிப்பார்கள் என வெட்கம். பதிலாக ஒவ்வொரு ஆட்டத்துக்கு முன்னும் உனக்குப் போன் எடுத்தான். நீ மலையில் நின்றபடியே "இந்தா, இங்கே..." என்பாய். அதைக் காதில் வைத்துக்கொண்டு எறிந்தான். அடுத்த வருடமே கழகம் இரண்டாம் பிரிவுக்கு ஏறியது, அவன் கையால்.

பிறகு, மலையில் அந்தக் குளவிக் கூடு கலைந்து உன்னைக் கொண்டுபோன நாள். அதைப் பற்றி நான் எழுதப்போவதில்லை.

காரியம் முடிந்து அவன் திரும்பிப் போகும்போது படங்கை என்னிடம் தந்துவிட்டுப் போனான். அதன்பின் ஆடிய ஆட்டங்களில் பந்து மறுபடி வழி தவறியது. பயிற்சியாளர் நல்ல மனிதர்தான். ஆனாலும், அடுத்ததிலும் இப்படியென்றால் ஊருக்குப் போய் இருந்துவிட்டு வா என்று சொல்லிவிட்டார். அப்படிப் போனவர்கள் யாரும் திரும்பி வந்ததில்லை. முதல் பிரிவுக் கழகத்து ஆட்கள் பார்க்க வருவதும் அதே ஆட்டத்துக்குத்தான். நான் விடிகாலை பஸ் ஏறிப் போனேன். உன் இடத்தில் அவனுக்கு யாராவது இருக்கவேண்டும் அல்லவா?

தொடக்கம் மோசம். ஒரு பந்து ஆடுபவனின் தோளில் பட்டது. பயிற்சியாளர் எழுந்து நின்றுவிட்டார். அப்போது தினேஷ் கையைத் தூக்கி நேரம் கேட்டான். நடந்து போய், எதிரே பிடிக்கும் நுவன் என்ற பையனின் காதில் ஏதோ சொன்னான். அந்தப் பையன் முகமூடியைத் தூக்கி அவனைப் பார்த்தான். பிறகு தலையாட்டிவிட்டுப் போய்க் குந்தினான்.

"இந்தா, இங்கே" என்ற குரல் கேட்டது.

சிங்கள நாக்கில் வந்த உன் சொல். பந்து அவன் கையுறைக்குள் போய் விழுந்த சத்தம், நான் உட்கார்ந்திருந்த கடைசிப் படி வரை கேட்டது. அடுத்ததும் அப்படியே. அதற்கடுத்ததும். எதிரணிக்காரர்கள் முதலில் கேலி செய்தார்கள், பிறகு மட்டையை இறுக்கிப் பிடித்தார்கள்.

ஆட்டம் முடிந்ததும் நுவன் என்னிடம் வந்து, "மிஸ், நான் சொன்னது சரியா?" என்று தமிழில் கேட்டான். சரிதான் மகன், கடைசியில் இன்னும் கொஞ்சம் இழுக்கவேண்டும் என்றேன். அங்கேயே நின்று இரண்டு முறை சொல்லிப் பார்த்தான். தினேஷ் சிரித்தான். நீ போனபிறகு அவன் சிரித்து அன்றுதான் பார்த்தேன்.

இப்போது இருவருமே முதல் பிரிவில் ஆடுகிறார்கள். தீபாவளிக்கு வந்தவன் நேற்று என் வாசலில் நின்று, "டீச்சர், சும்மா கொஞ்ச நேரம் நிக்கிறீங்களா?" என்று கேட்டான். படங்கை எடுத்து, நீ மடித்ததுபோலவே மடித்து, பிள்ளைக் காம்பரா வாசலில் போய்க் குந்தினேன். முழங்கால் சண்டை பிடித்தது. தூறலும் மூட்டமும் சேர்ந்து வந்து அவனை மறைத்தன. எனக்கு உன் தொண்டை இல்லை. இருந்தாலும் முடிந்தவரை இழுத்துக் கூப்பிட்டேன்.

மெதுவாகத்தான் எறிந்திருப்பான். அப்படியும், இதை எழுதும்போது படங்கு சுற்றிய இந்த உள்ளங்கை சிவந்து கிடக்கிறது. நீ அத்தனை வருடம் ஒரு நாளும் வலிக்கிறது என்று சொன்னதில்லையே, தங்கச்சி.