மாப்பிள்ளையின் பாஞ்சோ

ராலே, வட கரோலினா
14 ஜூன் 2025

பெருமதிப்பிற்குரிய சம்பந்தி கார்த்திகேசன் அவர்களுக்கு,

குமரகுருபரன் வணக்கத்துடன் எழுதுவது. நானும் ஞானம்பாளும் இங்கே மகள் வீட்டில் சௌக்கியமாக இருக்கிறோம். பாளையங்கோட்டையில் தங்கள் முட்டுவலி மட்டுப்பட்டிருக்கிறதா? குடும்ப வாட்ஸப் குழுவிலேயே கேட்டிருக்கலாம். ஆனால் நான் சொல்லவிருப்பதை அங்கே போட்டால் நாங்குநேரி வரைக்கும் பதினெட்டுப் பேர் படிப்பார்கள். அதனால்தான் இந்த மின்னஞ்சல்.

விஷயம் தங்கள் குமாரரைப் பற்றியது. மாப்பிள்ளை சிவசண்முகம் தங்கமானவர். அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் பாஞ்சோ என்று ஒரு வாத்தியம் வாசிக்கிறார். தோசைக்கல்லுக்கு நீளமாகக் கைப்பிடி வைத்துக் கம்பி கட்டினதுபோல் இருக்கும். காலை ஏழு மணிக்கு எடுத்தால், தகரக் கூரையில் ஆலங்கட்டி விழுகிற மாதிரி ஒரே சத்தம். அதைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். இப்போது 26ஆம் தேதி வியாழன் முதல் ஞாயிறு வரை மலைமேல் ஒரு சங்கீதத் திருவிழாவாம். புளூகிராஸ் என்று பெயர். நீலப் புல் என்று அர்த்தமாம். நான் பார்த்த புல்லெல்லாம் பச்சையாகத்தான் இருக்கிறது. அங்கே வெட்டவெளியில் கூடாரம் அடித்து நான்கு நாள் தங்க வேண்டுமாம். அறையும் இல்லை, கட்டிலும் இல்லை. எனக்கு வயது அறுபத்தேழு.

மாமனார் வாயால் மாப்பிள்ளையிடம் மறுத்துச் சொல்வது அழகல்ல. தகப்பனார் தாங்கள் ஒரு வார்த்தை, "மாமாவை வீட்டிலேயே விட்டுட்டுப் போலே" என்று சொன்னால் போதும். ஞானம்பாள் இப்போதே இரண்டு பை கட்டிவிட்டாள். அவளைப் பற்றி எழுதிப் பயனில்லை.

பணிவுடன்,
குமரகுருபரன்

—

பாளையங்கோட்டை
15 ஜூன் 2025

சம்பந்தி அவர்களுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. கல்யாணத்தில் நான் நாதஸ்வரம் கேட்க, நீங்கள் செண்டை மேளம் வைத்தீர்கள். அன்றைக்கு நான் சாப்பிடாமல் எழுந்து போனேன். ஆறு வருஷமாக நீங்களும் நானும் "சௌக்கியமா" என்பதற்கு மேல் பேசவில்லை. இப்போது ஒரு வாத்தியத்தைப் பற்றிப் புகார் சொல்ல என் நினைவு வந்திருக்கிறது. சந்தோஷம்.

என் மகனுக்கும் சங்கீதத்துக்கும் சம்பந்தமே கிடையாது. மிருதங்க வகுப்பில் சேர்த்தேன், வாத்தியார் மூன்றாம் மாதம் திருப்பி அனுப்பிவிட்டார். அவன் கையில் பாஞ்சோ வந்தது உங்கள் வீட்டுப் பக்கத்துக் காற்றாகத்தான் இருக்கும்.

ஒன்று மட்டும் விளங்கவில்லை. ஜூலை பத்தாம் தேதி எனக்கு முட்டு மாற்று அறுவை சிகிச்சை. அவன் அம்மா போனபின் இந்த வீட்டில் நான் ஒருத்தன்தான். வரச் சொன்னேன். "ஆபீஸ்ல தலைக்கு மேல வேலைப்பா, லீவு தர மாட்டாங்க" என்றான். சரி என்று பக்கத்து வீட்டு தேவதாசன் அண்ணாச்சியைத் துணைக்கு வரச் சொல்லியிருக்கிறேன். அப்பனுக்கு இல்லாத லீவு பாஞ்சோவுக்கு நாலு நாள் எங்கிருந்து வந்தது?

நான் ஒரு வார்த்தையும் சொல்ல மாட்டேன். போய் நனையுங்கள்.

கார்த்திகேசன்

—

ராலே
30 ஜூன் 2025

மரியாதைக்குரிய சம்பந்தி அவர்களுக்கு,

தங்கள் வாக்குப் பலித்தது. நனைந்தேன்.

வியாழன் மதியம் போய்ச் சேர்ந்தோம். மலைச்சரிவில் பெரிய புல்வெளி. ஆயிரம் கூடாரமாவது இருக்கும். எங்கள் கூடாரத்தை விரித்தால் எட்டுக் கம்பி. விளக்கத் தாளில் ஒன்பது படம். ஒன்பதாவது கம்பியை நானும் மகள் விஜயஸ்ரீயும் ஒரு மணி நேரம் தேடினோம். மாலையில் மழை வந்தது. குற்றாலத்துச் சாரல் மாதிரி இருக்கும் என்று நினைத்தால், குடத்தால் கவிழ்த்த மாதிரி கொட்டியது. காற்று அடைத்த மெத்தை என் பக்கம் இறங்கி, ஞானம்பாள் பக்கம் ஏறி நின்றது. கழிப்பறை என்பது நீலநிறப் பிளாஸ்டிக் பெட்டி. அதற்கும் வரிசை. வரிசையில் நிற்கிறவர்கள் எல்லாரும் என்னிடம் "நல்ல காலை, இல்லையா?" என்று கேட்கிறார்கள். எந்த விதத்தில் நல்ல காலை என்று கேட்கலாமா?

பெரிய மேடை ஒன்று உண்டு. ஆனால் யாரும் மேடையோடு நிற்பதில்லை. ஒவ்வொரு கூடாரத்து வாசலிலும் ஐந்தாறு பேர் நாற்காலியை வட்டமாகப் போட்டு வாசிக்கிறார்கள். தாளத்துக்கு மேளம் கிடையாது. பிடில், கிடார், மாண்டலின், பாஞ்சோ, ஆள் உயரத்துக்கு ஒரு பெரிய பிடில். மூக்கால் பாடுகிறார்கள். பாதிப் பாட்டில் யாராவது செத்துப்போகிறார்கள், ஆனால் மெட்டு மட்டும் கல்யாண ஊர்வலத்துக்குப் போடுகிற மெட்டு. பக்கத்துக் கூடாரத்து அம்மாள் ஒருத்தி ஞானம்பாளின் எலுமிச்சைச் சாதத்தைத் தின்றுவிட்டு, பதிலுக்குச் சோள ரொட்டி கொடுத்தாள். இரண்டு பேருக்கும் மற்றவர் பாஷை தெரியாது. நான்கு நாளும் ஓயாமல் பேசினார்கள்.

மாப்பிள்ளையைத்தான் அதிகம் பார்க்க முடியவில்லை. காலையில் மஞ்சள் சட்டை மாட்டிக்கொண்டு வாசலில் கார்களுக்கு வழிகாட்டினார். மாலையில் குப்பைப் பைகள் கட்டினார். விழாவுக்குச் சேவை செய்கிறவர்களுக்கு அனுமதிச் சீட்டு இலவசமாம். எங்கள் நான்கு பேர் சீட்டும் அப்படி வந்ததுதான். வேலைக்கு அஞ்சாத பிள்ளை. இங்கேயும் விஜியைக் காலையில் அவள் வேலை பார்க்கும் ஆஸ்பத்திரியில் கொண்டுவிட்டு, மதியம் சமைத்து, மாலையில் போய்க் கூட்டி வருவது அவர்தான்.

என் இடுப்பு இன்னும் நேராகவில்லை. தங்கள் சிகிச்சை நல்லபடியாக முடிய நெல்லையப்பரை வேண்டுகிறேன்.

குமரகுருபரன்

—

பாளையங்கோட்டை
1 ஜூலை 2025

சம்பந்தி அவர்களுக்கு,

முப்பத்தொரு வருஷம் பொதுப்பணித் துறையில் இருந்தவன் நான். கீழே உள்ளவன் எழுதும் அறிக்கையில் எதை எழுதாமல் விட்டிருக்கிறான் என்று பார்ப்பதுதான் என் வேலை.

தலைக்கு மேல் ஆபீஸ் வேலை உள்ளவன் மதியம் எப்படிச் சமைக்கிறான்? கை நிறையச் சம்பளம் வாங்குகிறவன் நாலு சீட்டுக்காக ஏன் குப்பை அள்ளுகிறான்? நீங்கள் சப் ரிஜிஸ்திராராக இருந்தவர். நேராகப் பதில் எழுதுங்கள். சுற்றி வளைத்தால் நான் விஜியைக் கேட்பேன்.

கார்த்திகேசன்

—

ராலே
2 ஜூலை 2025

சம்பந்தி அவர்களுக்கு,

என்னை ஏன் இந்த இக்கட்டில் மாட்டுகிறீர்கள்? மாப்பிள்ளை ஒரு பக்கம் என் வாயைக் கட்டுகிறார். நீங்கள் ஒரு பக்கம் வாயைக் கிண்டுகிறீர்கள்.

சனிக்கிழமை காலை நான் கழிப்பறை வரிசையில் நிற்கும்போது மாப்பிள்ளை குப்பைப் பையோடு எதிரே வந்தார். என்னைப் பார்த்ததும் பையை முதுகுக்குப் பின்னால் மறைத்தார். அவ்வளவு பெரிய பை எங்கே மறையும்? வரிசையை விட்டு வெளியே வந்து, "என்ன மாப்பிள்ள, என்ன விஷயம்?" என்றேன்.

"ஜனவரியிலயே வேல போயிட்டு மாமா. எங்க பிரிவையே மூடிட்டாங்க. ஆறு மாசமா தேடுதேன். விஜிக்குத் தெரியும். அப்பாட்ட மட்டும் சொல்லிராதீய. அங்கன போனா முகத்தப் பாத்தே கண்டுபிடிச்சிருவாங்க, அதான் லீவு இல்லன்னேன்."

சத்தியம் செய்துகொடுத்தேன். இன்று அதை மீறினேன். கிரீன் கார்டு இருப்பதால் நாட்டைவிட்டு அனுப்ப மாட்டார்களாம். விஜி சம்பளத்தில் வீடு நடக்கிறது. நாங்கள் வேறு மூன்று மாதமாக வந்து உட்கார்ந்து, காபி சரியில்லை, பாஞ்சோ சரியில்லை என்று சொல்லிக்கொண்டிருந்திருக்கிறோம்.

உங்கள் காலைப் பிடித்துக் கேட்கிறேன். தெரிந்த மாதிரிக் காட்டிக்கொள்ளாதீர்கள். அவராகச் சொல்லட்டும்.

குமரகுருபரன்

—

பாளையங்கோட்டை
3 ஜூலை 2025

குமரகுருபரன்,

படித்து முடித்த பத்தாவது நிமிஷம் போன் செய்துவிட்டேன். காட்டிக்கொள்ளக் கூடாது என்றுதான் எடுத்தேன். "எப்படிலே இருக்க?" என்றேன். "ஆபீஸ்ல கொஞ்சம் பிஸிப்பா" என்றான். அதைக் கேட்டதும் எனக்குத் தாங்கவில்லை. "ஏலே, எந்த ஆபீஸ்லே?" என்று கேட்டுவிட்டேன்.

  அவன் போனை வைத்துவிட்டான்.

உங்களைக் காட்டிக்கொடுத்துவிட்டேன். மன்னிக்க வேண்டும். ஆனால் நீங்களும் கேளுங்கள். குப்பைப் பையோடு நின்று உங்களிடம் சொல்லியிருக்கிறான். என்னிடம் சொல்லவில்லை. பத்தாம் வகுப்பில் கணக்கில் எண்பத்தொன்று எடுத்தான் என்று மூன்று நாள் அவனோடு பேசாமல் இருந்தவன் நான். அப்போது அவன் அம்மா சொன்னாள், "இப்படி இருந்தா இனி ஒண்ணும் சொல்ல மாட்டான்" என்று. நான்தான் கேட்கவில்லை.

ஆஸ்பத்திரியில் பேசிவிட்டேன். சிகிச்சையை 24ஆம் தேதிக்குத் தள்ளிவைத்திருக்கிறார்கள். அவனுக்குச் சொல்லுங்கள். வா என்று நான் கேட்டதாகச் சொல்ல வேண்டாம். தேதி மாறியது என்று மட்டும் சொல்லுங்கள்.

இன்னொன்று. இந்தத் "தங்கள்", "அவர்களுக்கு" எல்லாம் எனக்குப் படிக்கவே எரிச்சலாக இருக்கிறது. நம்ம ஊர் முறைப்படி அத்தான் என்றே எழுதும்.

ஒன்று கேட்கிறேன். அவன் நன்றாக வாசிக்கிறானா?

கார்த்திகேசன்

—

ராலே
8 ஜூலை 2025

அத்தான்,

பத்து நிமிஷம்! பத்திரத்தில் மை காயவாவது விட்டிருக்கலாம்.

மாப்பிள்ளை என்னோடு இரண்டு நாள் பேசவில்லை. சாப்பாடு மட்டும் மேசையில் வந்தது. விஜி என்னைப் பார்த்த பார்வையை எழுதப்போவதில்லை. மூன்றாம் நாள் காலை அவரே காபி கொண்டுவந்து பக்கத்தில் உட்கார்ந்தார். "அப்பாக்கு ரொம்பக் கோவமா மாமா?" என்றார். "கோபமில்லை. பாதியை அவராகவே கண்டுபிடித்துவிட்டார், மீதியைத்தான் நான் சொன்னேன்" என்றேன். "தெரியும்" என்றார். தேதி மாறியதைச் சொன்னேன். காபியை அப்படியே வைத்தார். பிறகு உள்ளே போய் விமானச் சீட்டு போட்டார். 18ஆம் தேதி காலை தூத்துக்குடியில் இறங்குகிறார். நீங்கள் வா என்று சொன்னதாக நான் சொல்லவில்லை. வரக்கூடாது என்று சொன்னதாகவும் சொல்லவில்லை.

நன்றாக வாசிக்கிறாரா என்று கேட்டீர்கள். இல்லை அத்தான். நன்றாக வாசிக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை பக்கத்துக் கூடாரத்தில் எட்டுப் பேர் வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். ஒவ்வொருவருக்கும் ஒரு முறை வரும். அவர் முறை வந்ததும் எடுத்தார், தாளம் தப்பினார். மறுபடி எடுத்தார், மறுபடி தப்பினார். எனக்கு முகத்தை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. ஆனால் அவர்கள் நிறுத்தவில்லை, சிரிக்கவும் இல்லை. தாளத்தை மட்டும் மெதுவாகப் போட்டுக்கொண்டு, அவர் வந்து சேரும்வரை காத்திருந்தார்கள். மூன்றாவது தடவை வந்து சேர்ந்தார். நாங்கள் வந்த இந்த மூன்று மாதத்தில் அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை.

பாஞ்சோவைக் கொண்டுவரட்டுமா என்று உங்களிடம் கேட்டு எழுதச் சொன்னார். நான் மாட்டேன் என்றேன். அப்பனும் மகனும் நடுவில் ஒரு தபால்காரனை வைத்து நடத்தினது போதும். இன்று உங்கள் ஊர் நேரப்படி இரவு எட்டு மணிக்கு அவரே கூப்பிடுவார். போனை எடும். எடுத்ததும் கத்தாதீர்.

அன்புடன்,
குமரகுருபரன்