மழை நாளில் வண்டி எடுப்பது

கீலுங்,
1994 டிசம்பர் 18

அன்புள்ள பீஹுவாவுக்கு,

சுகமா என்று கேட்டுத்தான் கடிதத்தைத் தொடங்க வேண்டும். ஆனால் உன் சுகம் எனக்குத் தெரியும். தொடைக்குள் கம்பியோடு லுவோடோங்கில் உன் அண்ணன் வீட்டுக் கட்டிலில் படுத்திருக்கிறாய். உன்னை அங்கே படுக்க வைத்தவள் நான். பிறகு என்ன கேட்பது?

இங்கே மழைதான். ஜன்னல் மேல் இருக்கும் தகரத்தில் சொட்டு விழும் சத்தம் கேட்டாலே வலது கை தானாக மூடிக்கொள்கிறது, பிரேக்கைப் பிடிப்பது போல. நம் அறையில் உன் கட்டில் காலியாக இருப்பதால் சத்தம் இரண்டு மடங்காகக் கேட்கிறது.

சாலையைத் தோண்டிவிட்டுப் பாலத்துக்கு முன்னால் போட்டிருந்த அந்த இரும்புத் தகட்டை இன்னும் எடுக்கவில்லை. அன்று சிவப்பு விளக்கைப் பார்த்தேன், தகட்டைப் பார்க்கவில்லை. முன் பிரேக்கைப் பிடித்த மறுநொடி வண்டி நமக்குக் கீழேயிருந்து நழுவிப் போய்விட்டது. விழும்போதுகூட என் இடுப்பைப் பிடித்திருந்த கையை நீ எடுக்கவில்லை. அதைத்தான் நினைத்துக்கொண்டே இருக்கிறேன்.

ஆஸ்பத்திரி வராந்தாவில் உன் அண்ணி என்னிடம், "ஓட்டினவளுக்கு ஒரு கீறல்கூட இல்லை, பாரு" என்றாள்.

நம் மீன் உருண்டைப் பட்டறையில் லியென் முதலாளி தூரத்துக் கடைகளுக்குத் தானே சரக்கு கொண்டுபோகிறார். பக்கத்துக் கடைகளுக்கு மட்டும் நான் தள்ளுவண்டியில் கொண்டுபோகிறேன். மழை விட்டதும் ஓட்டுகிறேன் என்றேன். "மழை விட்டதுமா? அப்ப நீ வேற ஊர்லதான் வேலை பாக்கணும், சாய்யுன்" என்று சிரித்தார். சிரிப்பு முடிந்த பிறகு, சீனப் புத்தாண்டு கழிந்ததும் வேறு ஆளைப் பார்க்க வேண்டியிருக்கும் என்றார்.

வலி அதிகமாக இருந்தால் எழுத வேண்டாம். ஆனால் எழுது.

உன்,
சாய்யுன்

லுவோடோங்,
1994 டிசம்பர் 27

என் சாய்யுன்,

உன் கடிதத்தைப் படித்தால் காலை உடைத்துக்கொண்டவள் நீதான் என்று தோன்றும்.

அண்ணியின் பேச்சை மனதில் வைத்துக்கொள்ளாதே. எனக்கு இஞ்சி போட்டுக் கோழி சூப் வைக்கும்போதும் திட்டிக்கொண்டேதான் வைக்கிறாள். திட்டாத நாளில் உப்பு குறைகிறது.

கட்டிலை ஜன்னலோரம் போட்டிருக்கிறார்கள். கீழே நாற்சந்தி. நாள் முழுக்க எனக்கு வேறு வேலை இல்லாததால் மழையில் போகிற வண்டிகளைப் பார்க்கிறேன். ஒன்று கவனித்தேன். வழுக்குகிறவர்கள் எல்லாரும் வளைவுக்குள் வந்த பிறகு பிரேக் பிடிக்கிறவர்கள். மற்றவர்கள் வளைவதற்கு வெகு முன்பே, வண்டி நேராக இருக்கும்போதே, வேகத்தைக் குறைத்துவிடுகிறார்கள். வெள்ளைக் கோடுகளில் ஏறும்போது அவர்கள் கை அசைவதே இல்லை.

அண்ணன் பன்னிரண்டு வருடமாக இந்த மழையில் ஆலைக்கு வண்டியில் போகிறவர். அவரிடம் கேட்டேன்.

"மழை தொடங்கின உடனேதான் ரொம்ப வழுக்கும். ரோட்டுல இருக்குற எண்ணெயெல்லாம் மேல வரும். நல்லாப் பெஞ்சு கழுவிட்டுப் போகட்டும்னு ஒரு டீ குடிச்சிட்டு கிளம்புவேன்."

"டீ குடிச்சும் மழை விடலைன்னா?"

"மெதுவாப் போவேன். முன்னாடி வண்டிக்கும் எனக்கும் நடுவுல ஒரு லாரி நிக்கற இடம் விடுவேன். தோளை இறுக்கிக்க மாட்டேன். பயந்தவன் தோளை இறுக்குவான், அது அப்படியே கைக்கு வரும். வண்டி பாவம், அது என்ன பண்ணும்?"

இதெல்லாம் உனக்காகத்தான் கேட்டேன். எனக்குப் பயமே இல்லை. கால் கூடியதும் உன் பின்னால் ஏறித்தான் வேலைக்கு வருவேன்.

உன் பீஹுவா

கீலுங்,
1995 ஜனவரி 12

அன்புள்ள பீஹுவாவுக்கு,

உன் கடிதத்தை மழைக்கோட்டுப் பையில் வைத்துக்கொண்டு செவ்வாய்க்கிழமை வண்டியை எடுத்தேன். சந்து முனை வரைக்கும் போனேன். அங்கே தண்ணீர் ஓடிக்கொண்டிருந்த ரோட்டைப் பார்த்ததும் கால் இரண்டையும் கீழே ஊன்றினேன். பின்னால் நின்ற பால்காரர் மணி அடித்தார். ஒதுங்கினேன். அவர் போன பிறகும் கை அசையவில்லை. கடைசியில் வண்டியைத் தள்ளிக்கொண்டே திரும்பினேன்.

வீட்டுக்காரம்மா மாடியிலிருந்து, "பெட்ரோல் தீந்துடுச்சா?" என்று கேட்டாள்.

"ஆமாம்மா."

"நேத்துதானே போட்டே?"

நான் உள்ளே போய்விட்டேன்.

அன்று சாயங்காலம் வண்டியைத் துடைக்கும்போது முன் டயரைத் தடவிப் பார்த்தேன். நடுவில் வழவழவென்று இருந்தது. கோடே இல்லை. தினமும் துடைத்த வண்டிதான். ஒரு நாளும் அதைத் தடவிப் பார்த்ததில்லை, பீஹுவா. புதுசு மாற்றிவிட்டேன். காற்றும் சரியாக அடித்தாயிற்று. இனி டயர்மேல் பழி போட வழியில்லை.

நீ பயமே இல்லை என்கிறாய். நீ அப்படி எழுதும்போது எனக்குப் பயம் கூடுகிறது. ஏன் என்று சொல்லத் தெரியவில்லை.

சாய்யுன்

லுவோடோங்,
1995 பிப்ரவரி 10

சாய்யுன்,

புத்தாண்டும் போயிற்று. இரண்டாம் நாள் நீ வருவாய் என்று எதிர்பார்த்தேன். அண்ணியே ஒரு கிண்ணம் கூடுதலாக எடுத்து வைத்திருந்தாள். முள்ளங்கிப் பணியாரத்தை உனக்கென்று இரண்டு நாள் வைத்திருந்து, பிறகு அண்ணன் தின்றார்.

மழையில் வண்டி ஓட்டப் பயம் என்றால் புரிகிறது. கீலுங்கிலிருந்து இங்கே ரயில் இருக்கிறது. ரயில் வழுக்காது. நீ பயப்படுவது ரோட்டைப் பார்த்து அல்ல, என் காலைப் பார்த்து. அது அப்படியொன்றும் பயங்கரமாக இல்லை. நீளமாக ஒரு தழும்பு, தையல் போட்ட பை மாதிரி. இதற்காகவா ஒருத்தி பத்து வருடச் சிநேகிதியைப் பார்க்க வராமல் இருப்பாள்?

குச்சி ஊன்றிக் குளியலறை வரை நடக்கிறேன். கட்டிலை உள்பக்கம் தள்ளிப் போடச் சொல்லிவிட்டேன். ஜன்னலோரம் குளிர்காற்று அடிக்கிறது.

என்னைப் பார்க்க வர முடியாவிட்டால் போகட்டும். வண்டியையாவது ஓட்டு. வேலையும் போய், சிநேகிதியும் போய், அந்த அறையில் தகரச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கப் போகிறாயா?

பீஹுவா

கீலுங்,
1995 மார்ச் 5

அன்புள்ள பீஹுவாவுக்கு,

திட்டு வாங்க வேண்டியவள்தான். மூன்று தடவை டிக்கெட் வாங்கும் வரிசையில் நின்றேன். மூன்று தடவையும் என் முறை வரும்போது விலகிவிட்டேன். நீ எழுதியது நிஜம். அதைப் பற்றி இதற்கு மேல் எழுதத் தெரியவில்லை. நான் செய்ததை எழுதுகிறேன்.

துறைமுகத்துக்குப் பின்னால் பழைய கிடங்கு ஒன்றின் முற்றம் காலியாகக் கிடக்கிறது. வரிசையாக மூன்று ஞாயிறு, மழை பெய்யும்போது அங்கே போனேன். முதல் ஞாயிறு நடை வேகத்தில் சுற்றியதோடு சரி. அடுத்த ஞாயிறு வேண்டுமென்றே பின் பிரேக்கை ஓங்கி மிதித்தேன். வண்டியின் பின்பக்கம் நாய் வால் மாதிரி ஆடியது. அலறிக்கொண்டே காலை எடுத்தேன். எடுத்ததும் நேராகிவிட்டது. வழுக்கினால் விழுந்தே தீர வேண்டும் என்று நினைத்திருந்தேன், அப்படியில்லை. நடுவில் ஒரு நொடி இருக்கிறது. அந்த நொடியில் பிடியை விட்டால் வண்டி மன்னித்துவிடுகிறது.

முன் பிரேக்குக்குத்தான் மனம் வரவில்லை. அது இல்லாமல் வண்டி நிற்காது என்பதும் தெரியும். வேகவைக்காத மீன் உருண்டையைக் கையில் எடுப்போமே, நசுங்கவும் கூடாது, நழுவவும் கூடாது, அப்படி இரண்டு விரலால் கொஞ்சம் கொஞ்சமாக அழுத்திப் பார்த்தேன். நின்றது. பிறகு கொஞ்சம் தைரியம் வந்து, கைப்பிடி திரும்பியிருக்கும்போதே அழுத்திவிட்டேன். விழுந்தேன். முட்டியில் தோல் போயிற்று. தண்ணீரிலேயே உட்கார்ந்து அழுதேன். முட்டிக்காக அல்ல.

நேற்று பாலத்துக்குப் போனேன். கூடையில் மீன் உருண்டை, மேலே தூறல். தகடு தூரத்திலேயே மின்னியது. முன்கூட்டியே வேகத்தைக் குறைத்துவிட்டு, கைகளைத் தளர்த்தி, பிரேக்கும் பிடிக்காமல் முறுக்கவும் செய்யாமல், தகட்டைப் பார்க்காமல் அதற்கு அப்பால் உள்ள சோற்றுக் கடையின் விளக்கைப் பார்த்துக்கொண்டு நேராகப் போனேன். கீழே டடங் என்று ஒரு சத்தம். கடந்துவிட்டேன். கடை வாசலில் வண்டியை நிறுத்தி வாந்தி எடுத்தேன்.

கடைக்காரர் தண்ணீர் கொடுத்து, "என்னம்மா, மாசமா இருக்கியா?" என்று கேட்டார். இன்று அதை நினைத்துச் சிரிக்கிறேன்.

முதலாளி இரண்டு தூரத்துக் கடைகளைத் திரும்பக் கொடுத்திருக்கிறார். பயம் போகவில்லை. தினமும் கூடவே வருகிறது.

உன் சாய்யுன்

லுவோடோங்,
1995 ஏப்ரல் 10

என் சாய்யுன்,

நீ விழுந்ததைப் படித்து அண்ணனிடம் சொன்னேன். "வேணும்னே விழுறதுக்கு மழையில போனாளா? உன் கூட்டாளி தேறிட்டா" என்றார். அண்ணி, "ரெண்டும் பைத்தியம்" என்றாள்.

இம்மாதம் இருபத்தெட்டாம் தேதி கீலுங் ஆஸ்பத்திரியில் காலைப் படம் எடுத்துப் பார்க்க வரச் சொல்லியிருக்கிறார்கள். அண்ணன் கூட வருகிறேன் என்றார், வேண்டாம் என்றுவிட்டேன். காலை ரயிலில் வருகிறேன். நிலையத்துக்கு வண்டியோடு வா. மழை பெய்தாலும் வா. பெய்தால் இன்னும் நல்லது. உன் பின்னால் உட்கார்ந்து, அந்தத் தகட்டின் மேலேயே போய், உன் பயத்தை ஒரே நாளில் தீர்த்துவிடுகிறேன்.

பீஹுவா

கீலுங்,
1995 ஏப்ரல் 16

பீஹுவா,

வேண்டாம். டாக்சி பிடிக்கலாம்.

தனியாக ஓட்டுவது வேறு. விழுந்தால் நான் மட்டும் விழுவேன். உன் கை என் இடுப்பில் பட்டதும் முதுகு மரக்கட்டையாகிவிடும் என்று எனக்குத் தெரியும். மரக்கட்டை எப்படி வண்டி ஓட்டும்?

இதை எழுதிவிட்டு ஒரு நாள் முழுக்க அனுப்பாமல் வைத்திருந்தேன். பிறகு பட்டறையிலிருந்து மாவு மூட்டை ஒன்றை வாங்கிப் பின் இருக்கையில் கட்டிக்கொண்டு கிடங்கு முற்றத்துக்குப் போனேன். பின்னால் பாரம் இருந்தால் நிற்க அதிக தூரம் வேண்டியிருக்கிறது. எல்லாவற்றையும் இன்னும் முன்கூட்டியே, இன்னும் மெதுவாகச் செய்ய வேண்டும். மூட்டையோடு சந்தை வரை போய்த் திரும்பினேன். மூட்டை உன்னை மாதிரி வழியெல்லாம் பேசவில்லை, அது ஒரு குறை.

வருகிறேன். வண்டியோடு நிலையத்தில், பேருந்து நிற்கும் பக்கம், கூரைக்கு அடியில் நிற்பேன். என்னைப் பார்த்ததும் ஏதும் சொல்லாதே. நான் முதலில் உன் காலைப் பார்த்துக்கொள்கிறேன்.

சாய்யுன்

லுவோடோங்,
1995 ஏப்ரல் 30

அன்புள்ள சாய்யுன்னுக்கு,

அன்று நிலையத்தில் கால் வலிக்கிறது என்று சொன்னேன். கால் வலிக்கவில்லை.

தூரத்திலிருந்தே உன்னைப் பார்த்துவிட்டேன். மஞ்சள் மழைக்கோட்டு, வண்டி, ஹெல்மெட் இரண்டு. நீ குனிந்து என் காலைப் பார்த்தாய். பிறகு மண்டியிட்டு, கால்சட்டைமேலேயே தழும்பு இருக்கும் இடத்தில் கை வைத்தாய். அத்தனை பேர் நடுவில். அதுவரை எனக்கு ஒன்றுமில்லை. நீ இருக்கையைத் துடைத்துவிட்டு, "ஏறிக்கோ, மெதுவாத்தான் போவேன்" என்றாய். உன் குரல் நடுங்கவே இல்லை. நான் ஒரு காலை ஊன்றி மற்றதைத் தூக்கப் போனேன். வண்டிச் சக்கரத்துக்குக் கீழே ஈரத் தரை பளபளத்தது. அதற்கு மேல் கால் வரவில்லை. என் கால் என்று நம்பவே முடியவில்லை.

நீ புரிந்துகொண்டாய். "சரி, பஸ் வருது பாரு" என்று மட்டும் சொன்னாய்.

உன்னிடம் நிறைய வீறாப்பாக எழுதியிருக்கிறேன். ஜன்னலோரத்திலிருந்து கட்டிலை நகர்த்தியது குளிர்காற்றுக்காக அல்ல. கீழே ஒரு வண்டி பிரேக் பிடிக்கும் சத்தம் கேட்டால் போர்வையை வாயில் வைத்துக் கடிப்பேன். பயமில்லை என்று உனக்கு எழுதினால் எனக்கும் பயம் போய்விடும் என்று நினைத்தேன். நீயோ பயத்தை அப்படியே எழுதினாய். எழுதிவிட்டு ஓட்டினாய்.

பேருந்தில் கடைசி இருக்கைதான் கிடைத்தது. நீ வீட்டுக்குப் போயிருப்பாய் என்று நினைத்துத் திரும்பிப் பார்த்தேன். கண்ணாடி முழுக்க மழை. அதற்குப் பின்னால் ஒரு விளக்கு. கையால் துடைத்துப் பார்த்தால் மஞ்சள் கோட்டு. ஒரு லாரி நிற்கும் இடம் விட்டு வந்துகொண்டிருந்தாய். ஒவ்வொரு நிறுத்தத்திலும் பேருந்து நின்றபோது நீயும் ஓரமாக நின்றாய். சந்தை வளைவில் பார்த்தேன், வளைவதற்கு முன்பே உன் வண்டியின் வேகம் தணிந்துவிட்டது. வெள்ளைக் கோடுகளில் உன் கை அசையவில்லை.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மா, "யாரும்மா அது, விடாம வருது?" என்று கேட்டாள்.

"என் கூட்டாளி."

"பஸ்ஸுலயே ஏறியிருக்கலாமே, இந்த மழையில."

"அவ நல்லா ஓட்டுவா" என்றேன்.

பாலத்துக்கு முன்னால் பேருந்து தகட்டின் மேல் ஏறி உலுக்கியது. கண்ணை மூடிக்கொண்டேன். எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை. அந்த அம்மா என் கையைப் பிடித்து, "வந்துட்டா, வந்துட்டா" என்றாள். அவளுக்கு எப்படித் தெரிந்ததோ.

ஆஸ்பத்திரி வராந்தாவில் உன் கோட்டிலிருந்து தண்ணீர் சொட்டச் சொட்ட என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாய். உன் கை சில்லென்று இருந்தது. நடுங்கிக்கொண்டும் இருந்தது. அதைப் பார்த்த பிறகுதான் எனக்கு மூச்சு சரியாக வந்தது.

எலும்பு கூடிவிட்டது என்கிறார்கள். ஜூன் தொடக்கத்தில் நம் அறைக்குத் திரும்பி வருகிறேன். உன் பின்னால் ஏறுவேன் என்று இனிமேல் வாக்குக் கொடுக்க மாட்டேன். ஒரு நாள் ஏறலாம், ஏறாமலே போகலாம். அதுவரை வேலைக்குப் பேருந்தில்தான் போவேன், கடைசி இருக்கையில்.

நீ பின்னால் வா.

உன்,
பீஹுவா