யாரும் அசையாதீங்க

அன்புள்ள அப்பாவுக்கு,

முட்டிவலி எப்படி இருக்கிறது? நீங்கள் "பரவாயில்லை" என்றுதான் சொல்வீர்கள். அம்மாவையே பதில் எழுதச் சொல்லுங்கள். நான் வேளாவேளைக்குச் சாப்பிடுகிறேன்.

கல்லூரி நாடகத்தில் மேடைக்குப் பின்னால் வேலை செய்கிறவர்களுக்கு நான்தான் தலைவி. நேற்று நாடகத்தின் நடுவே காட்சி மாற்ற விளக்கை அணைத்தோம். திரும்பப் போட்டால் எரியவில்லை, சுவிட்சு பழுதாம். கும்மிருட்டில் கட்டிலைத் தூக்கியபடி நாலு பேர். ஒருவன் தடுமாறும் சத்தம் கேட்டதும் என் வாய் தானாகக் கத்தியது: "யாரும் அசையாதீங்க, நான் வரேன்!"

கரண்ட் போனதும் நீங்கள் போடும் அதே சத்தம். நானும் அண்ணனும் தூக்கிய காலைக் கீழே வைக்காமல் நிற்போமே, நினைவிருக்கிறதா? இங்கே ஒருவருக்கும் தமிழ் தெரியாது. ஆனாலும் எல்லோரும் அப்படியே நின்றார்கள். டார்ச்சோடு போய்க் கட்டிலை இறக்க வைத்தேன். யாருக்கும் அடியில்லை, கவலைப்படாதீர்கள். "யார் குரல் அது?" என்று நாடகத்தை இயக்கும் ஆசிரியர் கேட்டார். "எங்க அப்பாவோடது" என்றேன்.

இன்றைய நாடகத்துக்குக் கட்டிலை ஏற்றக் கூப்பிடுகிறார்கள், ஓட வேண்டும். தட்டினால்தான் எரியுமே, நம் பழைய டார்ச், அதை அனுப்ப முடியுமா? அறையில் சும்மா வைத்துக்கொள்ளத்தான். இங்கே கரண்ட் போவதே இல்லை அப்பா. அதனால் "நான் வரேன்" என்று யாரும் சொல்வதும் இல்லை.

உங்கள் சின்னவள்