தியேட்டருக்கு எதிரே இறங்கணும்

மார்ச் 4, செவ்வாய்
உணவகத்தில் சேர்ந்த இரண்டாம் நாளே தாமதம். யுன் லாங் போகும் சிவப்பு மினிபஸ்ஸில் மணி கிடையாது. இறங்குமிடத்தை வாயால் கத்த வேண்டும். என் வாய் திறக்கவில்லை. இந்த மகாராணியைக் கடைசி நிறுத்தம் வரை ஊர்வலமாகக் கொண்டுபோய் விட்டார்கள்.
முதலாளியம்மா லாவ் பொறுமையாகத்தான் சொன்னார்: ஒரு மாதம் சோதனை, மூன்று முறை தாமதமானால் வேறு ஆள். நேபாளத்திலிருந்து வந்து பதினோரு வருடம். இந்த ஊர்ப் பேச்சு காதுக்குப் புரியும்; பேச மட்டும் 'நன்றி', 'எவ்வளவு' இரண்டை வைத்தே ஓட்டிவிட்டேன். கட்டட வேலையில் சாரத்திலிருந்து விழுந்து கணவர் டேக்கின் முதுகு போனபிறகு, குடும்பத்துக்கு என் பாத்திரம் கழுவும் வேலை மட்டும்தான்.

மார்ச் 6
மொழி வகுப்பு. பூனை மேசைக்கு மேலே. பூனை மேசைக்கு அடியில். பூனை கதவுக்குப் பின்னால். அற்புதம். அந்தப் பூனை எங்கே இறங்கும் என்பதை மட்டும் ஹோ டீச்சர் சொல்லவில்லை.

மார்ச் 7
அடுப்போடு பேசிக்கொண்டிருந்தேன் – மேலே, கீழே, பக்கத்தில். "எனக்கு முதுகு போச்சு, உனக்கு மண்டையா?" என்கிறார் கணவர்.

மார்ச் 12
"முன்னால இறங்கணும்" என்று கத்தியே விட்டேன். ஓட்டுநர் கண்ணாடியில் பார்த்தார். "எதுக்கு முன்னால? எல்லாமே எதுக்காவது முன்னாலதான் இருக்கு."
பஸ்ஸே சிரித்தது. அதற்குள் என் இடம் தாண்டிவிட்டது. இரண்டாவது தாமதம்.

மார்ச் 13
லாவ் அம்மாவே சொல்லிக்கொடுத்தார்: தியேட்டருக்கு எதிரே – 'ஹேய்யூன் தோய்மின்'. இறங்கணும் – 'யாவ்லோக்'. குளியலறையில் நாற்பது தடவை சொன்னேன்.

மார்ச் 14, வெள்ளி
ஜன்னலில் மூக்கை ஒட்டி தியேட்டரைத் தேடினேன். மருந்துக்கடை, நகைக்கடை, மறுபடி மருந்துக்கடை. கடைசி நிறுத்தமே வந்துவிட்டது. மூன்றாவது. போச்சு, எல்லாம் போச்சு.
அழுதுகொண்டே போய், அங்கே தியேட்டரே இல்லை என்றேன்.
"அதை இடிச்சு இருபது வருஷமாச்சே" என்றார் லாவ் அம்மா, ஏதோ என் கல்யாணத்தன்று என் கண்முன்னாலேயே இடித்ததுபோல. இப்போது அது மருந்துக்கடையாம். ஊரே இன்னும் தியேட்டர் என்றுதான் கத்துமாம். அடப்பாவிகளா! இல்லாத கட்டடத்துக்கு எதிரே எப்படி இறங்குவது என்று எந்த டீச்சர் சொல்லித்தருவாள்?
சமையல்காரர் சிரித்த சிரிப்பில் கரண்டி கீழே விழுந்தது. லாவ் அம்மாவுக்கும் அடக்க முடியவில்லை. "சரி, இந்தத் தாமதத்தைக் கணக்கில் சேர்க்க வேண்டாம். போய்க் கழுவு."

மார்ச் 15
கத்தினேன். நின்றது.

ஏப்ரல் 1
வேலை நிலைத்தது. அதை யாரும் வாயால் சொல்லவில்லை. புது ஏப்ரன் கொடுத்தார்கள்.

ஏப்ரல் 9
இன்று நான் வாயைத் திறப்பதற்குள் வண்டி ஓரம் கட்டிவிட்டது. ஓட்டுநர் திரும்பி, "உங்க இடம்தானே?" என்றார்.
இவ்வளவு பாடுபட்டுப் படித்ததைச் சொல்லாமல் விடுவேனா? கதவு திறந்த பிறகு, முழுசாகக் கத்தினேன்.
"காது கேக்குதும்மா, இறங்குங்க."
சந்தோஷமாகத்தான் இருந்தது. பத்து நிமிடம் முன்னதாகவே போய்ச் சேர்ந்தேன்.